மணலும் மனச்சாட்சியும்

சென்ற ஆண்டு மாரிக்காலத்து மாலையொன்றில், முன்னர் என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்னர் பாடசாலைப் படியை அவன் மிதிக்கவில்லை. வயது இருபத்திரண்டு. மூன்று ஆண்டுகள் டிப்பர் வண்டியிலே கிளீனராக நின்று, சாரதிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, சில்லுக்குக் கட்டை போட்டு, ஆளில்லாத வெளிகளிலே வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகி, ஒருவாறு கனரக வாகனச் சாரதிக்கான அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். கிண்ணியாவில் இத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி அந்தக் கிளீனர் ஆசனந்தான்.

முதலாளி ஒருவர் அவனுக்குச் சாரதி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஓட வேண்டியது இரவில். ஏற்ற வேண்டியது ஆற்றுமணல். மணலைக் கொண்டு செல்வதற்கான பத்திரம் சில நாட்களில் இருக்கும், பல நாட்களில் இராது.

“சேர், இந்த வேலைக்குப் போறது சரியா, பிழையா?” என்று அவன் கேட்டான்.

அறத்தைப் பற்றிப் பேசுவது தமிழாசிரியனுக்குக் கைவந்த கலை. பல்கலைக்கழகத்திலே அதைத்தான் படித்தேன். பத்தாண்டுகளாக வகுப்பறையிலே அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆயினும் அன்று என் நா எழவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, அவனுடைய வீட்டு நிலை எனக்குத் தெரியும். அவனுடைய வாப்பா கடற்றொழில் செய்தவர். இப்போது படுக்கையில் இருக்கிறார். உம்மா இடியப்பம் அவித்து விற்கிறார். படிக்கும் தங்கையர் இருவர். இரண்டாவது காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவனுடைய கேள்வி சின்னக் கேள்வியன்று. தன் உழைப்பை விற்றே வாழ வேண்டிய ஒருவன், தன் உழைப்பினால் விளையும் தீங்குக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி? இந்த நூற்றாண்டின் கோடிக்கணக்கான தொழிலாளர் வாய்திறந்து கேட்காமல் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் கேள்வி அது. எனவே இதைப் பொறுமையுடன் ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மகாவலி கங்கை இலங்கையின் மிக நீண்ட ஆறு. 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் பக்கத்திலே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மலைநாட்டுப் பாறைகளை அரைத்து அரைத்து அது கொண்டுவந்த மணல்தான் எங்கள் கரைகளின் செல்வம். கொங்கிறீற்றுக்கு ஆற்றுமணலே உகந்தது. கடல்மணலை நன்றாகக் கழுவாமற் போட்டால் அதிலுள்ள உப்பு உள்ளேயிருக்கும் இரும்பை அரிக்கும். பாலைவன மணலோ காற்றில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகிச் சீமெந்தோடு இறுகப் பற்றாது. ஆகவேதான் மணலால் நிறைந்த அரபு நாடுகள்கூட மணல் இறக்குமதி செய்கின்றன. உலகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கோடித் தொன் மணலையும் சரளையையும் பயன்படுத்துகிறது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2022 இல் கணக்கிட்டுச் சொன்னது.

ஆறு மணலைத் தரும் வேகத்துக்கும் நாம் அள்ளும் வேகத்துக்கும் இன்று பொருத்தமில்லை. பொல்கொல்லையில் 1976 இல் அணை எழுந்தது. விக்ரோறியா 1985 இல் இயங்கத் தொடங்கியது. வேறு அணைகளும் எழுந்தன. அவை நாட்டுக்கு மின்சாரமும் நீரும் தந்தன. அவற்றைக் குறைகூற வரவில்லை. ஆனால் அணைக்குப் பின்னால் நீர் தேங்குவதுபோல மணலும் தேங்கும். மேலேயிருந்து வரும் மணல் குறைய, கீழே அள்ளும் மணல் கூடினால், ஆற்றின் அடி தாழும். கரை இடிந்து விழும். கரையோரத்து வயலும் தோட்டமும் ஆற்றுக்குள் போகும். கடலின் உப்புநீர் ஆற்றுவழியே ஏறிக் கிணறுகளைக் கெடுக்கும். இவை எவரும் மறுக்கவொண்ணாத இயற்கை விதிகள்.

அப்படியானால் மணலைத் தொடவே கூடாது என்று சொல்லிவிடலாமா? கிண்ணியாவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல நா கூசும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்தவர்கள். நோயாளியோடும் பிள்ளைத்தாய்ச்சியோடும் துறையிலே நின்றவர்களுக்கு, 396 மீற்றர் நீளமான அந்தக் கொங்கிறீற்றுப் பாலத்தின் அருமை தெரியும். 2021 நவம்பர் 23 ஆந் திகதி குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்ததும் மறக்கக்கூடியதன்று. புதுப்பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தை அகற்றியிருந்தார்கள், புதுப்பாலம் முடியவில்லை, மக்களும் மாணவரும் ஏறிச்சென்ற மிதவை கவிழ்ந்தது, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். சீருடையோடு பிள்ளைகளைத் தூக்கிவந்த அந்தக் காலையின் பின், மணலும் சீமெந்தும் தீயவை என்று பேச எங்களுக்கு மனம் வராது. பாலம் வேண்டும்; ஆறும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவிலேதான் எங்கள் டிப்பர் சாரதி வண்டி ஓட்டுகிறான்.

அவன் எப்படி ஓட்டுகிறான்? இத்தொழிலுக்கு விளம்பரமும் இல்லை, நேர்முகப் பரீட்சையும் இல்லை. சந்தித் தேநீர்க் கடையிலே, “இன்னாருடைய வண்டிக்கு ஆள் தேவையாம்” என்று காற்றிலே வரும் செய்திதான் வேலைவாய்ப்பு அலுவலகம். நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 முதல் இந்நாட்டில் உண்டு. முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும் தொழிலாளி நூற்றுக்கு எட்டும் செலுத்த வேண்டுமென்பது அதன் விதி. சந்தியிலே பேசி முடித்த வேலைக்கு அந்த விதி எட்டுவதில்லை. கூலி மாதக் கணக்குமன்று, நாட் கணக்குமன்று, லோட் கணக்கு. மணல் ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியில்லை. சில்லு வெடித்து வழியில் கிடந்த நேரத்துக்கும் கூலியில்லை. ஆகவே அவன் விரைந்து ஓட வேண்டும், கூடுதலாக ஏற்ற வேண்டும், தூங்கக் கூடாது. நூறு கன அடி கொண்டது ஒரு கியூப். வண்டி தாங்குவதற்கு மேலே அரைக் கியூப் ஏற்றினால் அதன் இலாபம் முதலாளிக்கு. பிறேக் பிடிக்காமற் போனால் அதன் நட்டம் சாரதிக்கு. சரிவான நிலத்திலே பெட்டியை உயர்த்தி மணலைப் பறிக்கும்போது வண்டியே குடைசாயக்கூடும் என்பது கிளீனர்ப் பையனுக்கும் தெரியும். ஆனால் சமதரை தேடி வண்டியைத் திருப்ப நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி கிடையாது.

பிடிபட்டால் யார் பிடிபடுவார்? சுக்கானைப் பிடித்திருப்பவன். நீதவான் முன் நிற்பவனும் அவனே. வண்டிக்குரியவர் வீட்டிலே இருப்பார். மணலை வாங்க இருந்தவர் வேறு வண்டிக்குத் தொலைபேசி எடுப்பார்.

இனிக் கேள்விக்கு வருவோம். அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு.

ஒன்று சட்டத்தின் விடை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டத்தின்படி மணல் அகழவும் கொண்டுசெல்லவும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மணலை ஏற்றுவது குற்றம், ஆகவே பிழை. இவ்விடை சுருக்கமானது, போதுமானதன்று. 2019 டிசம்பரில், அப்போது புதிதாக வந்த அரசாங்கம் மணலைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை நீக்கியது. 2020 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இடைநிறுத்தியது. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2019 நவம்பரில் ஒரு சாரதியைக் குற்றவாளியாக்கிய அதே லோட், சில மாதங்கள் குற்றமற்றதாகி, பின்னர் மீண்டும் குற்றமாயிற்று. ஆற்றின் கரை மட்டும் இந்த மூன்று காலங்களிலும் ஒரே விதமாகத்தான் இடிந்தது. சட்டம் மாறும்போது தீங்கு மாறவில்லையென்றால், சரி பிழையின் வேர் சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்பது தெளிவு. சட்டம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆற்றைக் காக்க இருக்கும் ஒரே வேலி அதுதான். ஆனால் வேலியைக் காட்டி ஒருவனுடைய மனச்சாட்சிக்கு விடை சொல்லிவிட முடியாது.

மற்றையது வயிற்றின் விடை. பசித்தவனுக்கு அறம் பேசாதே. அவன் வேறென்ன செய்வான்? இவ்விடை இரக்கமுடையதாகத் தோன்றுகிறது. நம்மைப் போன்ற முற்போக்காளர் பலர் இதிலேயே நின்றுவிடுகிறோம். இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலிலே இரண்டு உதாரணங்களைக் காட்டுகிறார். புயலிலே அகப்பட்ட கப்பலில் உயிரைக் காப்பதற்காகச் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். அது விருப்பச் செயலா, விருப்பமில்லாச் செயலா? இரண்டும் கலந்தது என்கிறார் அவர். சும்மா இருக்கும்போது எவரும் சரக்கை எறிய விரும்பார். ஆயினும் எறிந்த அந்தக் கணத்தில் எறிந்த கை அவர்களுடையதே. மற்றைய உதாரணம் இன்னும் கூர்மையானது. ஒரு கொடுங்கோலன் உன் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு இழிவான ஒன்றைச் செய்யச் சொல்கிறான். செய்தால் அவர்கள் பிழைப்பர். இவ்வாறான செயல்களுக்கு மன்னிப்பு உண்டு. ஆயினும் அவை மனிதன் தேர்ந்து செய்தவையே.

எங்கள் சாரதியின் நிலை இந்த இரண்டாவது உதாரணத்துக்கு மிக அண்மையானது. படுக்கையில் கிடக்கும் வாப்பாவும் தங்கையரும் பணயமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பிடித்து வைத்திருக்கும் கொடுங்கோலனுக்கு முகமில்லை. அவன் பெயர் மருந்துச் செலவு, அரிசி விலை, கடன். 1867 இல் வெளிவந்த மூலதனம் முதலாம் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் இந்த முகமில்லாத கொடுங்கோலனை நமக்கு இனங்காட்டினார். தொழிலாளி இரண்டு பொருளில் சுதந்திரமானவன் என்றார் அவர்: தன் உழைப்புச் சக்தியை எவருக்கும் விற்கும் சுதந்திரம் அவனுக்கு உண்டு; வேறு விற்கப் பொருளெதுவும் இல்லாமையாகிய சுதந்திரமும் உண்டு. எங்கள் சாரதி எந்த முதலாளியின் வண்டியை ஓட்டுவது என்று தேர்ந்துகொள்ளலாம். ஏதோ ஒரு முதலாளியின் வண்டியை ஓட்டாதிருப்பதை மட்டும் அவன் தேர முடியாது.

2022 இல் இந்தச் சுதந்திரத்தின் உண்மை வெளிப்பட்டது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. கட்டடவேலைகள் நின்றன, சீமெந்து விலை ஏறியது, டிப்பர்கள் வரிசையிலும் வளவுகளிலும் நின்றன. அக்காலத்தில் எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ சாரதிகள் கத்தாருக்கும் சவூதிக்கும் போக வழி தேடினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 முதல் இந்நாட்டில் இருக்கிறது என்றால், உழைப்பை ஏற்றுமதி செய்வது எத்தனை பழைய வழக்கம் என்பது விளங்கும். மணல் ஏற்றியவன் தன்னையே ஏற்றி அனுப்பினான்.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகிறது. வயிற்றின் விடை அவனை மன்னிக்கிறது. மன்னிக்கும்போதே அவனைச் சிறுமைப்படுத்துகிறது. “அவனால் வேறென்ன செய்ய முடியும்?” என்று நாம் கேட்கும்போது, அவனுக்குச் சரி பிழை உண்டென்பதையே மறுத்துவிடுகிறோம். வண்டியின் எஞ்சினுக்கு எப்படிப் பொறுப்பில்லையோ அப்படியே அவனுக்கும் இல்லை என்கிறோம். ஆனால் அவன் இருபது நிமிட வழி நடந்து வந்து என்னிடம் கேள்வி கேட்டான்! எஞ்சின் அப்படிக் கேட்பதில்லை. அவுஸ்திரேலியாவின் பில்பராப் பிரதேச இரும்புச் சுரங்கங்களில் 2008 முதல் சாரதியில்லாப் பார வண்டிகள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 1,500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பேர்த் நகரத்து அறையொன்றிலிருந்து அவற்றை மேற்பார்வை செய்கிறார்கள். அவ்வண்டிகள் தூங்குவதில்லை, கூலி கேட்பதில்லை. எதையும் மறுப்பதுமில்லை. “இதை ஏற்றமாட்டேன்” என்று சொல்லக்கூடிய ஒருவன் ஆசனத்தில் இருக்கிறான் என்பதுதான் எங்கள் டிப்பருக்கும் அவ்வண்டிக்கும் உள்ள அறவேறுபாடு. அந்த வாய்ப்பை இரக்கத்தின் பெயரால் அவனிடமிருந்து நாம் பறித்துவிடலாகாது.

அவ்வாறாயின் அவனுக்கும் பொறுப்பு உண்டு. எவ்வளவு? என் விடை இது: மறுப்பதற்கு ஒருவனிடம் எவ்வளவு வலிமை உண்டோ அவ்வளவே அவன் பொறுப்பு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, மணல் போகும் வழியெல்லாம் நடந்து பாருங்கள். சாரதி மறுத்தால் அவன் வீட்டு அடுப்பு அணையும். வண்டிக்காரர் மறுத்தால் இலாபம் குறையும். தவணைப் பணம் கட்டுவது கடினமாகும். ஒப்பந்தக்காரர் மறுத்தால் சற்றே விலை கூடிய மணலை வாங்குவார். வீடு கட்டுபவர் மறுத்தால் சுவர் பூசுவது இரண்டு மாதம் பிந்தும். மேலே போகப் போக மறுப்பது எளிது, பொறுப்புப் பெரிது. ஆனால் தண்டனையோ நேரெதிராகக் கீழே போகப் போகக் கூடுகிறது. 2019 ஜனவரியில் கிண்ணியா கண்டல்காட்டுப் பகுதியில் மணல் அகழ்வோரைப் பிடிக்கக் கடற்படையினர் சென்றபோது, ஆற்றிலே பாய்ந்த இளைஞர் இருவர் உயிரிழந்தனர். தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில் கடற்படையினரும் காயமடைந்தனர். அந்த மணலால் எழவிருந்த சுவர்களுக்குரியவர்கள் எவரும் ஆற்றிலே பாயவில்லை. அவர்களுடைய பெயர்கூட எவருக்கும் தெரியாது.

இப்போது, என் நா எழாமைக்கு இரண்டாவது காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டுக்குப் புதிதாக ஓர் அறை கட்டினேன். மேசன் ஆற்றுமணல் வேண்டுமென்றார். பகலில் பத்திரத்தோடு வரும் மணலுக்கு ஒரு விலை. இரவில் வரும் மணலுக்கு இன்னொரு விலை. கியூப் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபா வேறுபாடு. ஆசிரியச் சம்பளம், வங்கிக் கடன், நான் இரவு விலையைத் தேர்ந்தேன். பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பின்னிரவில் வண்டி வந்து மணலைப் பறித்துவிட்டுப் போனது. நான் படுக்கையை விட்டு எழவுமில்லை.

என் மாணவன் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் மௌனமாயிருப்பதைக் கண்டு, அந்த அறைச் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “உங்கட வீட்டு மணலும் எங்கட வண்டியிலதான் சேர் வந்த. நான்தான் கிளீனர். நீங்க நித்திரையெண்டு கூப்பிடயில்ல.”

குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது. ஆசிரியர் வீட்டுக்கு மணல் கொண்டுவந்ததில் அவனுக்குச் சிறு பெருமைகூட இருந்திருக்கும். ஆனால் என் அளவுகோல் என்னையே அளந்துவிட்டது. பசியில்லாமல் இரவு மணலை வாங்கியவன் நான். பசியோடு அதை ஏற்றலாமா என்று கேட்டு வந்தவன் அவன். இந்த இருவரில் அறம் பற்றிப் பாடம் கேட்க வேண்டியவர் யார்?

அன்று அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “பத்திரமில்லாத மணலை ஏற்றுவது பிழை, மகன். ஆனால் அந்தப் பிழையில் உன் பங்கு மிகச் சிறியது; என் பங்கு உன்னுடையதைவிடப் பெரியது. பகல் வேலை தேடுவோம், நானும் வருகிறேன்.” தேடினோம். திருகோணமலைத் துறைமுகக் கரையிலே சீமெந்து ஆலையுண்டு, மா ஆலையுண்டு. அவற்றுக்கு வண்டி விடும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கந்தளாய்ப் பக்கம் கல்லுடைக்கும் இடங்கள் இருக்கின்றன. பேரையும் தொலைபேசி எண்ணையும் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒன்றரை மாதம் காத்திருந்தான். பிறகு இரவு வண்டியில் ஏறினான். நான் தடுக்கவில்லை, தடுக்கும் உரிமையை அந்த மணலோடு சேர்த்துச் சுவரில் பூசிவிட்டேன்.

ஒருவன் தனித்து மறுத்தால், அடுத்த நாள் இன்னொருவன் அந்த ஆசனத்தில் இருப்பான். ஆறும் இடியும், அவனும் பட்டினி கிடப்பான். பத்து வண்டிச் சாரதிகள் சேர்ந்து, “பத்திரம் கையில் தராமல் வண்டி எடுக்கமாட்டோம், கூலியை மாதக் கணக்காக்குங்கள், சேமலாப நிதி கட்டுங்கள்” என்று சொன்னால் அது வேறு செய்தி. தனியொருவனுடைய மனச்சாட்சி பட்டினியில் முடியும் இடத்தில், பலருடைய மனச்சாட்சி சங்கமாகிறது. சங்கம் கூலிக்காக மட்டும் ஏற்பட்டதென்று நினைப்பவர்கள் அதன் பாதியை மட்டுமே கண்டவர்கள். ஏழைகள் நேர்மையாக வாழ்வதற்குள்ள செலவைத் தம்மிடையே பங்கிட்டுக்கொள்ளும் வழியும் அதுவே. என் மாணவனும் அவன் கூட்டாளிகளும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் பேச்சளவிலேதான் இருக்கிறது.

அவர்கள் சேரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நமக்கு மறுக்கும் வலிமை உண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு. இவ்வாண்டு தொடக்கத்தில் எங்கள் பாடசாலையில் சுற்றுமதில் திருத்த மணல் வந்தபோது, ஆசிரியர்கள் நாங்கள் நால்வர் ஒப்பந்தக்காரரிடம் பத்திரம் கேட்டோம். அவர் வியப்போடு பார்த்தார். வாத்தியார்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றார். அந்த லோட் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் பகலில், பத்திரத்தோடு வேறொரு லோட் வந்தது. விலை கூடுதல்; அதைப் பெற்றார் சங்கத்தில் விளக்கிச் சொல்ல ஒரு கூட்டம் முழுவதும் வேண்டியிருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள், இறுதியில் கொடுத்தார்கள்.

மணல் கொண்டுவந்த சாரதிக்கு நான் தேநீர் கொடுத்தேன். பத்திரத்தைக் கேட்டு வாங்கித் திகதியைப் படித்தேன். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று அவனிடம் கேட்டேன். நேற்றிரவு வீட்டில் தூங்கினேன் என்றான்.